முழு ஆளையும் பார்த்துச் செய்யும் செவிலியம்: வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"முழுமைச் செவிலியம்" என்றதும் பலருக்கு வாசனை எண்ணெய், மெல்லிய இசை, தியானம் இவைதான் நினைவுக்கு வரும். அவை இந்தத் துறையின் ஓரத்தில் இருப்பவை. டிரிப் மாற்றும்போதும், உடம்பு துடைத்துவிடும்போதும், மாத்திரை கொடுக்கும்போதும் எதிரில் இருப்பவரின் உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை, அவர் படுத்திருக்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்கும் பழக்கம்தான் இதன் நடுப்பகுதி. கூடுதல் வேலை என்று நினைத்துத்தான் புதியவர்கள் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். "இத்தனை பெட் பார்க்கிறேன், இதற்கு நேரம் எங்கே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெரும்பகுதிக்குத் தனி நேரம் வேண்டாம், ஏற்கெனவே செய்யும் வேலைக்குள்ளேயே அடங்கிவிடும். நேரம் எடுக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை தோற்பது பெரும்பாலும் படுக்கையருகே இல்லை என்பதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். நல்ல நர்ஸ் ஒருவர் நோயாளியிடம் பேசி முக்கியமான ஒன்றைத் தெரிந்துகொள்வார். ஷிப்ட் முடிந்ததும் அந்தத் தகவலும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அதனால்தான் எழுதுவது, ஒப்படைப்பது பற்றிய பகுதி இங்கே நீளமாக இருக்கும்.

வரலாறு சுருக்கமாக. கிரிமியப் போரில் பணியாற்றிய ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 19-ஆம் நூற்றாண்டிலேயே காற்று, வெளிச்சம், சத்தம், தூய்மை இவற்றைக் கவனிப்பதும் நர்ஸின் வேலை என்று எழுதினார். 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோயில்லாமல் இருப்பதை மட்டும் ஆரோக்கியம் என்று ஏற்கவில்லை. உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழு நலம் வேண்டும் என்றது. 1977-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல், நோயை இந்த மூன்று தளங்களிலும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். 1981-இல் அமெரிக்காவில் முழுமைச் செவிலியர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தேர்வுக்கு இவ்வளவு போதும். வார்டுக்குப் போவோம்.

1. உள்ளே போகும் முன்

கையில் சானிடைசர் தேய்க்க 20 முதல் 30 விநாடி ஆகும். எப்படியும் செலவழித்தே ஆக வேண்டிய விநாடிகள் அவை. தேய்க்கும்போதே முந்தைய பெட்டின் நினைவை விட்டுவிட்டு, இப்போது பார்க்கப்போகிறவரின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். நிதானமாக ஒரு மூச்சு இழுத்து, அதைவிட நீளமாக விடுங்கள். இதற்குத் தனியாகப் பயிற்சி வகுப்பு எதுவும் தேவையில்லை.

பிறகு வாசலில் நின்றபடி ஒரு பார்வை. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கிறதா? வைத்த சாப்பாடு வைத்தபடி இருக்கிறதா? அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா, கட்டிலுக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறதா? கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் எங்கே? பக்கத்து நாற்காலியில் யாராவது இருக்கிறார்களா? மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பாருங்கள். மானிட்டர் எங்கும் ஓடிவிடாது.

மூச்சுத் திணறல், நினைவு தப்புதல், ரத்தப்போக்கு ஏதாவது தெரிந்தால் மற்றதெல்லாம் பிறகுதான். சுவாசப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசையில் இறங்குங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். முழு ஆளைப் பார்ப்பது என்ற பெயரில் அவசரத்தைத் தவறவிட்டால் அதற்கு மன்னிப்பே கிடையாது.

2. முதல் ஐந்து நிமிடம்

இது நேரம் எடுக்கும் பகுதி. அட்மிஷன் அன்றோ, அந்த நோயாளியை முதன்முதலாக நீங்கள் ஏற்கும் ஷிப்டிலோ ஒருமுறை இந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்துவிட்டால் பிறகு வரும் நாட்களில் அது திரும்பக் கிடைத்துவிடும்.

உங்கள் பெயரையும், இன்று எத்தனை மணி வரை இருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "உங்கள எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேளுங்கள். எழுபது வயதுக்காரரைக் கேட்காமலே "தாத்தா" என்று அழைத்தால் ஒருவருக்கு அது பாசமாக இருக்கும், இன்னொருவருக்குச் சுருக்கென்று இருக்கும். எது எவருக்கு என்று கேட்டால்தான் தெரியும். "ஏழாம் நம்பர் பெட்", "அந்த ஹெர்னியா கேஸ்" என்று நர்ஸ் ஸ்டேஷனில் பேசிக்கொள்வது நோயாளியின் காதில் விழும் தூரத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது.

உட்காருங்கள். நின்றுகொண்டு பேசியதைவிட உட்கார்ந்து பேசியபோது, அதே அளவு நேரத்தையும் அதிகம் என்று நோயாளிகள் உணர்ந்ததாக ஆய்வுகள் உண்டு. நாற்காலி இல்லாவிட்டால் கண் மட்டத்துக்குக் குனியலாம். கட்டிலில் உட்காருவதற்கு முன் அனுமதி கேளுங்கள். தொற்றுத் தடுப்பு விதி அதைத் தடுத்தால் வேண்டாம்.

இப்போது ஒரே ஒரு கேள்வி: "இப்போ உங்களுக்கு எது பெரிய கஷ்டமா இருக்கு?" கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். புதியவர்களுக்கு இது மிகக் கடினம். இரண்டு விநாடி அமைதியானதும் நாமே ஒரு பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவோம். பொறுத்திருந்தால் கேஸ் ஷீட்டில் இல்லாத பதில் வரும். அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர், வீட்டில் தனியாக விட்டு வந்த நாயைப் பற்றிச் சொல்வார். சர்க்கரை கட்டுப்படாமல் வந்தவர், ஊசியின் அளவு எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்பார். இரண்டாமவரின் பதிலில் பாதி சிகிச்சையே இருக்கிறது.

கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களிடம் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று உண்டு. அதை எந்த வார்டிலும் கேட்கலாம். நம் பேச்சில் சொன்னால்: "உங்கள நல்லா கவனிச்சுக்கணும்னா, ஒரு மனுஷரா உங்களப் பத்தி நாங்க என்ன தெரிஞ்சுக்கணும்?" பதிலை அவர் சொல்லும் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அட்மிஷன் படிவத்தின் கட்டங்களைப் பேசி முடித்தபின் நிரப்பலாம். படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் பதிலும் படிவத்தின் அளவில்தான் வரும்.

3. வலி: உடம்பு, மனம், குடும்பம் எல்லாம் ஒரே இடத்தில்

முழு ஆளையும் பார்ப்பதைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

அமெரிக்க நர்ஸ் மார்கோ மெக்காஃப்ரி 1968-இல் ஒரு விதி சொன்னார்: வலியை அனுபவிப்பவர் என்ன சொல்கிறாரோ அதுவே வலி, இருக்கிறது என்று அவர் சொல்லும்போது அது இருக்கிறது. செல்போன் பார்த்துக்கொண்டே ஒருவர் "எட்டு" என்று சொன்னால் சந்தேகப்படத் தோன்றும். நாள்பட்ட வலியோடு வாழ்பவர்கள் கவனத்தை வேறெங்காவது திருப்பித்தான் பொழுதைத் தள்ளுகிறார்கள். எட்டு என்றே எழுதுங்கள்.

அதே காலத்தில் பிரிட்டனில் சிசிலி சாண்டர்ஸ் இதை இன்னும் விரித்தார். நர்ஸாகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர் அவர். 1967-இல் லண்டனில், வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களைக் கவனிக்கும் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். மரணத்தை நெருங்கியவர்களின் வலிக்கு உடல், மனம், சமூகம், ஆன்மா என்று நான்கு முகம் இருப்பதைக் கண்டு "முழு வலி" என்றார். இதில் பலர் மறந்துவிடும் பகுதி, அவர் மார்பினைக் குறைக்கச் சொல்லவில்லை என்பது. வலி வந்தபின் கேட்டு வாங்கும்படி விடாமல், வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வழக்கம். முதலில் மருந்து, கூடவே மற்றதெல்லாம். பேச்சும் இசையும் மருந்துக்கு மாற்றாக வந்துவிட்டால் அது முழுமைச் செவிலியத்தின் பெயரால் செய்யும் அலட்சியம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்த பெண்மணி. பகலில் வலி மூன்று, நான்கு என்பவர் இரவு பத்து மணிக்குமேல் எட்டு என்கிறார். என்ன செய்வது?

வலி நிவாரணி கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டது, மாலை டோஸ் தவறிவிட்டதா என்று பாருங்கள். கால் எந்த நிலையில் இருக்கிறது, டிரெஸ்ஸிங் இறுகியிருக்கிறதா, பாதம் சூடாக இருக்கிறதா, விரலை அசைக்க முடிகிறதா, கெண்டைக்காலில் வீக்கம் உண்டா, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று சோதியுங்கள். எதிர்பாராமல் கூடும் வலி சிக்கலின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அப்படித் தெரிந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். மருந்தைக் கொடுத்துவிட்டு, நிற்கும் அந்த நேரத்தில் கேளுங்கள்: "ராத்திரியானா ஏன் அதிகமாகுது, உங்களுக்கு என்ன தோணுது?" விழுந்தது இரவில், விடியும்வரை தரையில் தனியாகக் கிடந்திருக்கிறார் என்று தெரியவரலாம். இனி தனியாக இருக்க முடியாது என்று பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டதும் தெரியவரலாம். முதலாவதற்கு விளக்கும் மணியும் உதவும். இரண்டாவதற்குச் சமூகப் பணியாளரும், அவரையும் உட்கார வைத்து நடத்தும் குடும்பப் பேச்சும் வேண்டும். எலும்பு வலிக்கு இது இரண்டும் மருந்தில்லை. ஆனால் எட்டு என்ற எண்ணுக்குள் இவையும் இருந்தன.

கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று திரும்பி வந்து பாருங்கள். ஊசி வழியாகக் கொடுத்தால் 15 முதல் 30 நிமிடத்தில், மாத்திரையென்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில். மார்பின் வகை மருந்தென்றால் மயக்க நிலையையும் மூச்சின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண் சொல்ல முடியாத குழந்தைக்கு முகப்படங்கள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. முற்றிய மறதி நோய் உள்ளவருக்கு "பெயினாட்" என்ற அளவுகோல்: மூச்சு, முனகல், முகபாவம், உடல் அசைவு, ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். பேச முடியாதவர் கையைத் தட்டிவிடுகிறார், குளிக்க மறுக்கிறார் என்றால் பிடிவாதம் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

4. உடம்பு துடைக்கும் நேரம்

புதியவர்கள் தலையில் கட்டப்படும் வேலை இது. சீனியர்கள் தள்ளிவிட்டார்களே என்று வருத்தப்பட வேண்டாம். ஒரு நோயாளியைப் பற்றி ஷிப்டிலேயே அதிகம் தெரிந்துகொள்ளும் இடம் இதுதான், அதைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

திரையை இழுங்கள். தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், மயக்கத்தில் இருப்பவருக்கும்தான். துடைக்கும் பகுதியைத் தவிர மற்றதை மூடிவையுங்கள். அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். முகத்தைத் தானே துடைத்துக்கொள்ள இரண்டு நிமிடம் கூடுதலாகும், கை எவ்வளவு தூக்க முடிகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். திரும்பும்போது மூச்சு வாங்குகிறதா, எந்தப் பக்கம் வலிக்கிறது, குதிகாலிலும் இடுப்பின் பின்புறத்திலும் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு படுக்கைப்புண்ணின் தொடக்கம். அதன்மேல் தேய்த்துவிடக் கூடாது, தேய்த்தால் உள்ளிருக்கும் திசு மேலும் சேதமாகும். அந்தப் பக்கத்துக்குப் பாரம் கொடுக்காமல் 30 டிகிரி சாய்த்துப் படுக்கவையுங்கள். இரண்டு மணிக்கொரு முறை திருப்புவது பழகிய விதி. மெத்தையையும் தோலையும் பொறுத்து அந்த இடைவெளியை மாற்ற வேண்டியிருக்கும்.

முகம் பார்க்காமல் முதுகைத் துடைக்கும்போதுதான் பலரும் பேசத் தொடங்குவார்கள். கண்ணோடு கண் பார்த்துச் சொல்ல முடியாதது அப்போது வெளியே வரும். கேட்டுக்கொண்டே துடையுங்கள், கையை நிறுத்த வேண்டாம்.

5. சத்தம், வெளிச்சம், தூக்கம்

இரவில் வார்டு அறைக்குள் சராசரி ஒலி 30 டெசிபல் அளவில் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சாதாரணப் பேச்சே 60 டெசிபல் வரும். நர்ஸ் ஸ்டேஷன் சிரிப்பு, தள்ளுவண்டியின் சக்கரம், யாரும் அணைக்காத டிரிப் பம்ப் அலாரம் இவற்றைக் கணக்கில் எடுத்தால் அந்த அளவு கனவுதான். முழுதும் எட்ட முடியாவிட்டாலும் நம் கையில் இருப்பதைச் செய்யலாம். இரவு பத்துக்குச் செய்ய வேண்டிய நான்கு வேலையை ஒரே நுழைவில் முடியுங்கள். அவசியமில்லாத நள்ளிரவு பி.பி. எடுப்பதைத் தள்ளிவைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக விடக் கூடாது. பகலில் ஜன்னல் திரையைத் திறந்துவிடுங்கள். அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 46 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். திரையை இழுக்கச் செலவு ஒன்றும் இல்லை.

வயதானவர்களுக்குத் தூக்கம் கெடுவது எரிச்சலோடு நிற்பதில்லை. திடீர்க் குழப்ப நிலைக்கு, அதாவது டெலிரியத்துக்கு, அது ஒரு காரணம். அமெரிக்க மருத்துவர் ஷேரன் இனூயி குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளைப் பார்த்தார்கள். நாள், இடம் நினைவூட்டுவது, மருந்தில்லாமல் தூங்கவைப்பது, நடமாட வைப்பது, கண்ணாடி, காதுக் கருவி, போதிய நீர் இவற்றை முறையாகக் கவனித்த பிரிவில் டெலிரியம் 9.9 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம். இந்தப் பட்டியலில் நர்ஸால் முடியாதது எது? டெலிரியம் என்றால் கத்துவது, குழாயைப் பிடுங்குவது என்று மட்டும் நினைக்காதீர்கள். சத்தமே இல்லாமல் மந்தமாகிப் படுத்திருக்கும் வகைதான் அதிகம் தவறிப்போகிறது. "நேத்து பேசினார், இன்னிக்குப் பேசல" என்று வீட்டார் சொன்னால் அன்றே டாக்டரின் காதுக்குப் போக வேண்டும்.

6. பயத்தோடு பேசுவது

"பயப்படாதீங்க", "எல்லாம் சரியாயிடும்" இரண்டையும் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். முதலாவது அவர் பயத்தைத் தவறு என்கிறது, இரண்டாவது நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கு. "எதை நினைச்சாப் பயமா இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் சின்னதாக, கைக்குள் அடங்குவதாக ஒன்று வரும்: மயக்கம் தெளியாமல் போய்விடுமோ, கதீட்டர் எடுக்கும்போது வலிக்குமோ. பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "தெரியல, கேட்டுட்டு நாலு மணிக்குள்ள வந்து சொல்றேன்" என்று சொல்லி நாலு மணிக்குப் போய் நில்லுங்கள்.

"வாழவே பிடிக்கல" என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே பொறுப்பு நர்ஸுக்கும் டாக்டருக்கும் தெரிவியுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேட்டாலும் இதில் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்க முடியாது. அதையும் அவரிடமே கனிவாகச் சொல்லிவிடுங்கள்.

7. நம்பிக்கை

கேட்கக் கூச்சப்படும் பகுதி. அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி வகுத்த வரிசை உதவும்: எதில் நம்பிக்கை, அது வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம், அதைப் பகிர்ந்துகொள்ளும் ஆட்கள் யார், சிகிச்சையில் நாங்கள் என்ன கவனிக்க வேண்டும். "கஷ்டமான நேரத்துல உங்களுக்குத் தெம்பு எங்கிருந்து கிடைக்குது?" என்று தொடங்கினால் கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் பொருந்தும். உங்கள் நம்பிக்கையை அவர்மேல் ஏற்ற வேண்டாம். அவர் பிரார்த்தனைக்குக் கூப்பிட்டால் அமைதியாகக் கூட நிற்கலாம், விருப்பமில்லையென்றால் வேறு ஆளை ஏற்பாடு செய்யலாம். இவ்வளவுதான்.

8. கூட இருப்பவர்கள்

யாரிடம் என்ன சொல்லலாம் என்று முதலில் நோயாளியிடம் கேளுங்கள். கட்டிலருகே எப்போதும் இருப்பவர்தான் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவர் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். அது சரியாகவும் இருக்கலாம், பெரிய தவறாகவும் ஆகலாம். மொழி தெரியாதவருக்குப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று சொல்லும் அறிவுரையைச் சொன்னதோடு விடாமல் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரைய எப்படிக் கொடுப்பீங்கன்னு சொல்லுங்க" என்றால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். காயத்துக்குக் கட்டுப் போடுவது, இன்சுலின் போடுவது எல்லாம் உங்கள் கண்முன் ஒருமுறை அவர்கள் கையால் நடக்கட்டும். பார்த்துக்கொள்பவரிடம் "நீங்க தூங்கினீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

9. மூச்சு, இசை, மசாஜ், மூலிகை

இதை இவ்வளவு பின்னால் தள்ளியதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்னவை இல்லாமல் இவை வெறும் அலங்காரம்.

பாதுகாப்பானது மூச்சு: நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. தலை சுற்றினால் நிறுத்த வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லிக்கொடுங்கள். இசை என்றால் அவர் விரும்பும் இசை, ஹெட்ஃபோனில். உங்களுக்குப் பிடித்ததைப் பொது ஒலிபெருக்கியில் போடுவது பக்கத்துக் கட்டிலுக்கு இரைச்சல். கைக்கு லேசான மசாஜ் செய்யலாம். வீங்கிய கெண்டைக்காலைத் தொடவே கூடாது. ரத்தக் கட்டி இருந்தால் பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். தட்டணுக்கள் குறைந்தவர், கதிர்வீச்சு வாங்கிய தோல், ஆறாத காயம் இவற்றுக்கும் மசாஜ் வேண்டாம். வாசனை எண்ணெய் ஆஸ்துமாவைக் கிளப்பும், கீமோ எடுப்பவருக்குக் குமட்டும். பலர் படுத்திருக்கும் வார்டில் அதைத் தவிர்ப்பதே என் கட்சி. இவை எதற்கும் நோயாளியின் சம்மதமும், உங்கள் மருத்துவமனை விதியின் அனுமதியும் வேண்டும்.

மூலிகையைப் பற்றிக் கேட்கும் தொனி முக்கியம். "நாட்டு மருந்து எதுவும் சாப்பிடலையே?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "டாக்டர் கொடுத்தது தவிர பொடி, கஷாயம், வைட்டமின்னு எது எடுத்துக்கிட்டாலும் சொல்லுங்க, மருந்தோட சேருமான்னு பாத்துடலாம்" என்று கேளுங்கள். மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், கருத்தடை மாத்திரை ஆகியவற்றின் வேலையைக் குறைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் சாறு சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கேட்டதை மருந்தாளுநரிடம் கொண்டுபோங்கள்.

10. உங்களையும் ஒரு ஆளாகக் கணக்கில் எடுங்கள்

பிறர் துயரத்தைத் தொடர்ந்து சுமப்பதால் வரும் சோர்வைக் குறிக்கும் "பரிவுக் களைப்பு" என்ற சொல்லை, நர்ஸ்களைப் பற்றி எழுதும்போது 1992-இல் கார்லா ஜாய்ன்சன் பயன்படுத்தினார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோயாக வகைப்படுத்தாமல், வேலைச்சூழலில் எழும் நிலை என்று வகைப்படுத்தியது. அதனால் ஆள் பற்றாக்குறையை யோகா வகுப்பால் மூட யாராவது முயன்றால், டியூட்டி லிஸ்டைப் பற்றிப் பேசுங்கள். "என்னைத் தவிர யாருக்கும் இவரைப் புரியாது" என்று ஒரு நோயாளியைப் பற்றித் தோன்றினால் அது எச்சரிக்கை மணி. சொந்த நம்பரைக் கொடுப்பதும், பணம் கொடுத்து உதவுவதும் அந்த வழியில்தான் தொடங்கும். மரணம் நடந்த ஷிப்டில் அடுத்த பெட்டுக்கு ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

11. எழுதுவது, ஒப்படைப்பது

கேஸ் ஷீட்டில் அடிக்கடி கண்ணில் படும் வரி: "நோயாளி பதற்றமாக இருந்தார். ஆறுதல் கூறப்பட்டது." இதைப் படித்து இரவு டியூட்டி நர்ஸ் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. அதே நிகழ்ச்சியை இப்படி எழுதலாம்:

"மாலை 6.30. 'தூங்கினா மூச்சு நின்னுடுமோன்னு இருக்கு' என்றார். தூக்க மாத்திரை மறுத்தார். எழ முடியாமல் போகும் என்று அஞ்சுகிறார். மூச்சு நிமிடத்துக்கு 18, ஆக்சிஜன் அளவு 96. தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்தி, மணியைக் கையில் கொடுத்தபின் 20 நிமிடத்தில் தூங்கினார். இரவு: சிறு விளக்கு எரியட்டும். மணிக்கொரு முறை எட்டிப் பார்ப்போம் என்று சொல்லப்பட்டிருக்கிறது."

அவர் சொன்னது அவர் வார்த்தையில், நாம் பார்த்து அளந்தது, செய்ததில் எது பலித்தது, அடுத்தவர் செய்ய வேண்டியது. நான்கும் இருந்தால் போதும், நீளம் தேவையில்லை. கடைசி வரிதான் பெரும்பாலும் விடுபடும். நோயாளிக்கு நீங்கள் கொடுத்த வாக்கை அடுத்த ஷிப்ட் அறியாமல் மீறினால், நம்பிக்கை போவது உங்கள்மேல் மட்டும் இல்லை, மொத்த வார்டின்மேலும்தான்.

சில சொற்களைத் தவிருங்கள். "ஒத்துழைக்கவில்லை", "அடம் பிடிக்கிறார்" என்பவை ஒருமுறை எழுதப்பட்டால் டிஸ்சார்ஜ் வரை ஒட்டிக்கொண்டு வரும். "மாத்திரை மறுத்தார்; வாய்ப்புண்ணால் விழுங்க வலிக்கிறது என்றார்" என்று எழுதினால் டாக்டர் சிரப்பாக மாற்றித் தருவார். கவனிப்புக்குத் தேவையில்லாத குடும்பச் சண்டை, கடன், பழைய கதை எதையும் எழுத வேண்டாம். நம்பிச் சொன்னது எல்லாமே ஆவணமாக வேண்டியதில்லை.

ஹேண்டோவரில் நேரம் குறைவு, எல்லாரும் கிளம்பும் அவசரம். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த எஸ்பார் முறையைப் பெரும்பாலான இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அதோடு ஒவ்வொரு நோயாளிக்கும் ஆளைப் பற்றி ஒரே ஒரு வரி சேருங்கள்: "வலது காதுல பேசுங்க, இடது காது கேட்காது." "அவங்க பொண்ணு நாளைக்குக் காலைல வருது, அதுவரைக்கும் கையெழுத்துப் போட மாட்டாங்க." இந்த வரிகள் அடுத்த நர்ஸின் நேரத்தை மிச்சப்படுத்தும் என்று தெரிந்ததும் முணுமுணுப்பவர்களும் கேட்கத் தொடங்குவார்கள். முடிந்தால் கட்டிலருகிலேயே ஒப்படையுங்கள். நோயாளி கேட்டுக்கொண்டிருப்பார், தப்பாகச் சொன்னால் திருத்துவார். மற்றவர் காதில் விழக்கூடாததை மட்டும் வெளியே வந்து சொல்லுங்கள்.

முதல் வாரம்

மேலே உள்ள எல்லாவற்றையும் எல்லா நோயாளிகளிடமும் ஒரே நாளில் செய்ய முயன்றால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். ஷிப்டுக்கு ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுங்கள். அதிகம் மணியடிப்பவராக இருந்தால் நல்லது, அங்கேதான் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கும். இரண்டாம் பகுதியில் சொன்ன "எது பெரிய கஷ்டமா இருக்கு?" என்ற கேள்வியை அவரிடம் கேளுங்கள், கிடைத்த பதிலை நான்கு பகுதியாக எழுதுங்கள், ஹேண்டோவரில் ஒரு வரி சொல்லுங்கள். மறுநாள் வந்ததும் இரவு நோட்டைத் திறந்து, அந்த வரியின்படி ஏதாவது நடந்ததா என்று பாருங்கள். நடக்கவில்லையென்றால் கேஸ் ஷீட்டுக்குள் புதைந்துபோயிருக்கும். சொந்த விஷயம் எதுவும் கலக்காத குறிப்பாக இருந்தால் நோயாளியின் சம்மதத்தோடு கட்டிலுக்கு மேலிருக்கும் பலகையிலும் எழுதிவையுங்கள்; மற்றதைப் பொறுப்பு நர்ஸிடம் சொல்லிக் கவனிப்புத் திட்டத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.